சிங்கப்பூர் போறியா? முதல்ல மணியைச் சரியாப் பாரு!

டிக்கெட் போட்டாச்சுன்னு குதிக்காதே. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரா போற விமானத்துல நாலு, நாலரை மணி நேரம்தான். ஆனாலும் முதல் தடவை போறவங்க எல்லாரும் நேரத்துலதான் கோட்டை விடறாங்க. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், சுருக்கமாச் சொல்றேன்.

1. இரண்டரையை மறக்காதே. சிங்கப்பூர் மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர் நேரம். ராத்திரி 11.00க்கு ஏறி காலை 5.45க்கு இறங்கினா ஆறே முக்கால் மணி நேரம் இல்லை. இரண்டரையைக் கழி, நாலேகால். திரும்பி வரும்போது அதையே கூட்டிக்கோ.

2. நள்ளிரவுத் தேதி ஏமாத்தும். 15ஆம் தேதி 00.40ன்னு போட்டிருந்தா, 14ஆம் தேதி ராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்பணும். நானே ஒரு தடவை 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோட போய் நின்னு, "அது நேத்தே போயிடுச்சேம்மா"ன்னு கேட்டுட்டுத் திரும்பினவ.

3. வாசலுக்கு வாசல் கணக்குப் போடு. மூணு மணி நேரம் முன்னால ஏர்போர்ட், அங்கே இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, ரயில்... தாம்பரம் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா போய்ச் சேர பத்து மணி நேரம் ஆகும். ராத்திரி விமானத்துல போய் அன்னிக்கே காலை 9 மணிக்கு மீட்டிங் வைக்காதே. ரெண்டு மணி நேரம் தூங்கினா அதிகம்.

4. மலிவுன்னு சுத்திப் போகாதே. கொழும்பு, கோலாலம்பூர்னு மாறிப் போனா பாதி நாள் போயிடும். மாறித்தான் ஆகணும்னா, கொழும்புல நம்ம மணி, கோலாலம்பூர்ல சிங்கப்பூர் மணி. திருச்சிப் பக்கம் இருந்தா சென்னைக்கு வராதே. அங்கிருந்தே நேரடி விமானம் இருக்கு.

5. அரைவல் கார்டு. இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பு. சிங்கப்பூர் அரசாங்கத் தளத்துல இது இலவசம். பணம் கேட்டா தப்பான இடத்துக்கு வந்திருக்கே, மூடிடு. இது விசா இல்லை. அதைத் தனியா முன்னாடியே வாங்கிடு.

6. பெட்டியில கசகசா வேண்டாம். அங்கே அது தடை செஞ்ச பொருள். அம்மா குருமாப் பொடியில சேர்த்திருக்காங்களான்னு கேட்டுட்டுக் கட்டு. சூயிங்கமும் எடுத்துட்டுப் போகாதே.

கடைசியா ஒண்ணு. 5.45க்கு இறங்கினதும் இங்கே மணி 3.15. அம்மா எப்படியும் முழிச்சிட்டுத்தான் இருப்பாங்க, அவங்களுக்கு போன் போடு. எனக்கு வேண்டாம், நான் எழுந்தப்புறம் பேசு!