தோல் கத்திக்கு ஒரு காந்தப் பலகை

சோளிங்கர்

அன்புள்ள ஆம்பூர் வாசகருக்கு,

தோல் வெட்டும் கத்தி, குத்தூசி, பஞ்ச் எல்லாம் ஒரே டப்பாவில் உரசி முனை மழுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கழித்துப் போட்ட மரத்தில் காந்தப் பலகை ஒன்று செய்து சுவரில் மாட்டிவிடுங்கள்.

பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்குச் சட்டத் துண்டு போதும், முக்கால் அங்குல கனம் இருக்கட்டும். ஆணி பாக்கியிருந்தால் முதலில் பிடுங்குங்கள், இல்லையென்றால் இழைப்புளியின் வாய் போய்விடும்.

காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கரை உடைக்காதீர்கள். அந்தக் கறுப்பு வளையம் ஆள்தான் பெரிது, பிடிப்பு குறைவு. பழுதான கணினியின் ஹார்டு டிஸ்கைப் பிரித்தால் பிறை வடிவில் நியோடிமியம் காந்தம் கிடைக்கும். ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கிய வகை அது. அடியில் இருக்கும் இரும்புத் தகட்டோடு சேர்த்தே பதியுங்கள், முன்பக்கப் பிடிப்பு கூடும். நெம்பினால் காந்தம் சில்லுச் சில்லாக உடையும்.

பலகையின் பின்பக்கத்திலிருந்து குழி தோண்டி, முன்பக்கம் 2 மி.மீ. மரம் மட்டும் விடுங்கள். காந்த இழுப்பை மரம் தடுப்பதில்லை, இடைவெளிதான் குறைக்கிறது. 5 மி.மீ. விட்டால் கனமான கத்தி நிற்காது. கத்தியை வைத்துப் பார்த்த பிறகே அரால்டைட் ஊற்றுங்கள். சில வகை எவர்சில்வர் கருவிகள் ஒட்டவே ஒட்டாது, அது பலகையின் குற்றமில்லை.

தோல் வேலைக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. காந்தம் சாணைத் தூளையும் அரத்தூளையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் தொங்கும் கத்தியும் நாளடைவில் லேசாகக் காந்தமேறித் தூளைச் சுமக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட ஈரத்தோலில் அந்தத் தூள் பட்டால் கருநீலக் கறை விழும், எளிதில் போகாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். குரோம் தோலில் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் பலகையைச் சாணைக்கு எட்டத்தில் மாட்டுங்கள், கத்தியைத் துடைத்த பிறகே தோலில் வையுங்கள். எங்கள் ஊர் என்றால் ஜன்னலோரமும் வேண்டாம் என்பேன், மலைக்கோயில் குரங்குகள் எதையும் விடாது.

மிஞ்சிய காந்தங்களைப் பூட்டி வையுங்கள். குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடல்மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.