பெண்பிள்ளைகளும் ஓதிப் படிக்கட்டும்

 

சென்ற மாதம் ஈப்போவில் எங்கள் கடைக்கு ஒரு ரோஹிங்யா தாயார் மருந்துச் சீட்டுடன் வந்து, எத்தனை வேளை கொடுப்பது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற 12 வயது மகள் தலைகுனிந்தாள். அவளுடைய தம்பிதான் எழுத்துக்கூட்டி வாசித்தான். மகளை ஏன் படிக்க அனுப்பவில்லை என்றோம். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்றார்.

இந்தப் பதில் நமக்குப் புதிதன்று. 10 பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பெற்றோர் பால்மரம் வெட்டப் போனதும், தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் தங்கியவள் மூத்த பெண்தான். ஆயாக்கொட்டகை நன்றாக நடந்த இடத்தில்தான் அவளுக்கு விடுதலை.

ரோஹிங்யா பிள்ளைகளுக்கோ அத்தகைய சட்டமும் இல்லை. பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினர். மலேசியாவுக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தொண்டர்கள் நடத்தும் கற்றல் நிலையங்களே கதி. 1964இல் ரெங்கூனில் கடைகளைப் பறிகொடுத்துக் கப்பலேறிய நம்மவரை நினைத்தால், இவர்கள் துயரம் நமக்கு விளங்கும்.

முதலில் இறங்கிய வஹீ ஓதும்படி கட்டளையிட்டது. அக்கட்டளை ஆண்களுக்கு மட்டுமன்று. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்களே ஐயம் கேட்டுத் தெளிந்தனர்.

வியாபாரிகளாகிய நாம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, பெண் ஆசிரியை ஒருவரின் சம்பளத்தில் பங்கு ஏற்பது. இரண்டு, போகவர வண்டிச் செலவு. வழிப்பயம் தீர்ந்தால் பெற்றோர் அனுப்புவர். மூன்று, வகுப்பின் அருகிலேயே ஆயாக்கொட்டகை போல ஓர் அறையும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டியும்.

காசில்லாத உதவியும் உண்டு. கடைக்கு வரும் சிறுமியை விலையை வாசிக்கச் சொல்லுங்கள். மீதிச் சில்லறையை எண்ணச் சொல்லுங்கள். தவறினால் சிரிக்காதீர்கள். சரியாகச் சொன்னால், "மாஷா அல்லாஹ்" என்று தாய் காதில் விழச் சொல்லுங்கள். தைரியம் இப்படித்தான் வளரும்.

அடுத்த மருந்துச் சீட்டை அந்த மகளே வாசிக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.