கஞ்சாவும் இருதயமும்: குடும்பங்களுக்கு ஒரு பாடம்



லாகிரி வஸ்து என்றவுடன் சாராயமே நம் நினைவுக்கு வரும். கஞ்சாவைக் கண்டித்தாலோ, "அது மூலிகைதானே, சாராயம்போல் ஈரலைக் கெடுக்காதே" என்று பதில் சொல்லும் வாலிபர் உண்டு. கஞ்சா புத்தியை மயக்கும் என்பதை யாவரும் அறிவோம். அது இருதயத்தையும் தாக்கும் என்பதைப் பலர் அறியார். ஆகவே அதனை இன்று வினா விடையாகப் படிப்போம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வினா 1: கஞ்சாப் புகை உள்ளே சென்றதும் இருதயத்திற்கு என்ன நேரிடுகிறது?

விடை: சில நிமிஷங்களுக்குள் நாடித் துடிப்பு வேகமாகிறது. இரண்டு மூன்று மணி நேரம் வரையிலும் அவ்வேகம் நீடிக்கலாம். வேகமாய் அடிக்கும் இருதயத்திற்குப் பிராணவாயு அதிகம் வேண்டும். ஆனால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. மிளகு மூட்டையைத் தலையில் ஏற்றி மலையேறச் சொல்லிவிட்டு, குடிக்கும் கூழையும் பாதியாய்க் குறைத்தால் ஒருவன் என்ன ஆவான்? இருதயத்தின் கதியும் அதுவே. மேலும், உட்கார்ந்தவர் திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, மயங்கி விழுவதும் உண்டு.

வினா 2: இதற்கு அத்தாட்சி உண்டா?

விடை: உண்டு. மாரடைப்பு கண்டு பிழைத்த 3,882 பேரை அமெரிக்க வைத்தியர்கள் விசாரித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு நேரிடும் அபாயம் 4.8 மடங்கு என்று கண்டார்கள். எனினும், அம்மணி நேரத்திற்குள் புகைத்திருந்தோர் 9 பேரே. எண்ணிக்கை சிறிது என்று தள்ளிவிட வேண்டாம். 2024-ல் அந்நாட்டில் 4,34,104 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, தினந்தோறும் கஞ்சா உபயோகிப்போரிடம் மாரடைப்பு 25 சதவீதமும், மூளைத் தாக்கு 42 சதவீதமும் அதிகமாயிருக்கக் கண்டார்கள். புகையிலையைத் தொட்டறியாதவர்களிடமும் இத்தொடர்பு காணப்பட்டது. கஞ்சாவே காரணம் என்று இவ்வாராய்ச்சி முடிவாக நிறுவவில்லை. ஆனால் எச்சரிக்கை கொள்ள இது போதும்.

வினா 3: அது சித்தர் மூலிகையல்லவா?

விடை: நம் மலையில் ஆகாய கங்கைப் பக்கம் கோரக்கர் குகையைக் காட்டுவார்கள். அச்சித்தர் பெயரால் கஞ்சாவைக் கோரக்கர் மூலி என்று சொல்வதும் உண்டு. சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் இருப்பது மெய்யே. ஆனால் வைத்தியர் அதைச் சுத்தி செய்து, அளவறிந்து, பிற சரக்குகளோடு சேர்த்துக் கொடுக்கிறார். நம் நாட்டு மருந்துச் சட்டமோ சித்த வைத்தியத்தின் நச்சுச் சரக்குகளின் பட்டியலில் கஞ்சாவைச் சேர்த்து, வைத்தியர் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும் என்கிறது. பீடியில் அடைத்துப் புகைப்பது எந்த வைத்தியமும் அன்று.

வினா 4: முன்னோர் காலத்தில் புகைத்தவர்கள் நன்றாய் இருந்தார்களே?

விடை: 1893-94-ல் ஆங்கில அரசு அமைத்த விசாரணைக் குழுவும், மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கில்லை என்றே எழுதியது. ஆனால் இருதய ஓட்டத்தை வரைந்து காட்டும் ஈ.சி.ஜி. கருவி அப்போது கிடையாது. திடீரென்று மாண்டவனைப் பார்த்து, "காலம் வந்தது, போனான்" என்றார்கள். காரணத்தைக் கண்டறிய வழியில்லை.

வினா 5: நம் மலைவாசிகள் இதில் ஏன் அதிகக் கவனம் கொள்ள வேண்டும்?

விடை: மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர். காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சமவெளி ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு சேர்க்க நேரம் செல்லும். ஆதலால் நெஞ்சை இறுக்கும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐ உடனே அழையுங்கள். "வாயுப் பிடிப்பு, விடிந்தால் சரியாகும்" என்று காத்திராதீர்கள். இளம் பிராயத்தவன் என்றும் அசட்டையாய் இராதீர்கள்.

வினா 6: வைத்தியரிடம் கஞ்சாவைப் பற்றிச் சொல்லலாமா?

விடை: சொல்லியே ஆக வேண்டும். மானத்திற்கு அஞ்சித் தாய் மறைக்கிறாள். போலீசுக்கு அஞ்சி மகன் மறைக்கிறான். உண்மை தெரியாத வைத்தியர் இருட்டில் வைத்தியம் செய்கிறார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா பயிரிடுவோரையும் விற்போரையும் கடுமையாய்த் தண்டிக்கிறது. ஆயினும் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்த குற்றத்திற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமை, தானாக முன்வந்து அரசு ஏற்றுக்கொண்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், அவனை வழக்கினின்று விடுவிக்க வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அச்சலுகை பறிபோகலாம். போதை விடுவிப்புக்கு 14446 என்னும் இலவசத் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம்.

பெற்றோரே, பையனின் சட்டைப் பையில் பொட்டலம் கண்டால் அடித்து விரட்டாதீர்கள். விரட்டப்பட்டவன் போய்ச் சேருமிடம் அதே கூட்டந்தான். அருகில் உட்காரவைத்து, நெஞ்சு படபடக்கிறதா, மயக்கம் வந்ததா என்று முதலில் கேளுங்கள். பின்னர் அவனை வைத்தியரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வாலிபரே, உடன் புகைத்த தோழன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், பயந்து ஓடாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவன் உயிரைக் காக்கலாம்.