சார்ட்டில் குறிக்க எந்தப் பென்சில்?

கல்முனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் போட்டுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. பேட்டரி செத்துப்போன இரவில், கடைசியாக நின்ற இடத்தைக் கடதாசிச் சார்ட்டில் போட்ட புள்ளிதான் சொல்லும். அந்தப் புள்ளி மங்கலான வெளிச்சத்திலும் தெரிய வேண்டும், வேலை முடிந்ததும் தடமில்லாமல் அழியவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

2பி வாங்குங்கள். பென்சில் முனையில் காரீயத்தோடு களிமண் கூடக்கூடக் கடினமும் கூடும். பிரான்சின் கொன்டே 1795இல் கொண்டுவந்த முறை இது. பிள்ளைகளின் எச்பியைப் பலர் எடுத்துப்போகிறார்கள். அது மங்கலாக விழுவதால் கை தானாக அழுத்துகிறது, கடதாசியில் பள்ளம் விழுகிறது. கோட்டை அழித்தாலும் பள்ளம் போகாது, அடுத்த பயணத்தின் கோடு அதற்குள் சறுக்கும். 2பி தொட்டாலே கறுப்பாக விழும்.

மெதுவான முனை சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மைதான். அதனால் நாலைந்து பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு கரையை விடுங்கள். 1:300,000 அளவுச் சார்ட்டில் அரை மில்லிமீற்றர் தடித்த கோடு கடலில் 150 மீற்றரை மூடிவிடும். தெற்கே இறங்கும் தண்டயல்மாருக்கு லிட்டில் பாசஸ், கிரேட் பாசஸ் பாறைகள் தெரியும். 1870களிலேயே அங்கே வெளிச்சவீடு கட்ட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் 150 மீற்றர் சின்னத் தூரமல்ல.

அறுகோணப் பென்சிலாகப் பாருங்கள். உருண்டைப் பென்சில் அலையில் மேசையை விட்டு ஓடிவிடும்.

மெதுவான வெள்ளை அழிறப்பரைத் தனியாக வாங்குங்கள். பென்சில் தலையில் வருவது உப்புக்காற்றில் இறுகிவிடும், பிறகு அழிக்காது, பூசும்.

புள்ளியைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் நேரத்தை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். நேரமில்லாத புள்ளியை வைத்து வேகமும் கணிக்க முடியாது, நீரோட்டம் இழுத்த தூரமும் தெரியாது.

செய்யக்கூடாதவை

குமிழ்முனைப் பேனையால் பயணக் கோடு போடாதீர்கள். சார்ட்டில் மைக்கு இடம் உண்டு, அது கடலோடிகளுக்கான அறிவித்தலில் வரும் நிரந்தரத் திருத்தத்துக்கு மட்டும்.

நனைந்தால் ஊதாவாகும் கொப்பிப் பென்சில் வேண்டவே வேண்டாம். ஈரக்கை பட்டாலே சார்ட் முழுக்கச் சாயம்.

சிவப்புப் பென்சிலும் வேண்டாம். இராக்கண் கெடாமலிருக்கச் சிவப்பு விளக்குப் போட்டால் அந்தக் கோடு கண்ணுக்குப் படாது.

6பி போன்ற மிக மெதுவானதை எடுக்காதீர்கள். உள்ளங்கை உரசியே கரி பரவும்.

நனைந்த கடதாசியில் எழுதாதீர்கள், கிழியும். ஒற்றி உலர்த்தி, பிறகு குறியுங்கள்.

இரும்புச் சீவியையோ கத்தியையோ திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஊசி இழுபடும்.

இடத்தையும் நேரத்தையும் லொக் புத்தகத்தில் எழுதும் முன் எதையும் அழிக்காதீர்கள். கரை சேர்ந்து, மீன் இறக்கி, கணக்கு முடியும்வரை சார்ட்டில் உள்ளது அப்படியே இருக்கட்டும்.