வேனல் கட்டியும் வாயில் வெள்ளைப் படலமும்



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவில் சந்தா வசூல் முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. "குழம்பு பட்டா எரியுதும்மா. ஆறு மாசமா இருக்கு. வலிக்கல, அதனால யார்கிட்டயும் சொல்லல" என்றார். களை எடுக்கும்போது பசி தெரியாமல் இருக்கப் புகையிலை அடக்குவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

வலித்தால் ஓடுகிறோம், வலிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம். ஆனால் வலியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நாம் அடிக்கடி பார்க்கும் இரண்டு பிரச்சனைகளைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

1. முடி வேரில் வரும் கட்டி

ஒவ்வொரு முடியும் தோலில் உள்ள ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. வியர்வை, உரசல், சொறிதல், சவரம் ஆகியவற்றால் அந்தக் குழிக்குள் கிருமி புகுந்தால், முடியைச் சுற்றிச் சிவந்து சீழ்க்கொப்புளம் வரும். ஆழமாகப் போனால் வலிக்கும் கட்டியாகும். நாம் வேனல் கட்டி, சூட்டுக் கட்டி என்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான். சூடு மட்டும் காரணமல்ல, கிருமியும் வேண்டும்.

செய்ய வேண்டியது: சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால், பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம், தினமும் 3 அல்லது 4 முறை ஒத்தடம் கொடுங்கள். துண்டு, பிளேடு இரண்டும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

செய்யக் கூடாதது: பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். முக்கியமாக மூக்கு, மேல் உதட்டில் வரும் கட்டியைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துவிடும்.

காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவினால், ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

2. வாயில் வெள்ளை

சுத்தமான துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள்.

துடைத்தால் வருகிறதா? தயிர் ஒட்டியதுபோல இருந்து, துடைத்த இடம் சிவந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். கைக்குழந்தைகளுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், பல் செட் போடுபவர்களுக்கும் வரும். டாக்டர் தரும் மருந்தில் குணமாகும். குழந்தைக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கு அடிக்கடி வந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கலாம். டாக்டர் சொல்லும் பரிசோதனைகளைச் செய்யுங்கள். அதை வைத்து யாரையும் பற்றிப் புறம் பேசக் கூடாது.

துடைத்தாலும் வரவில்லையா? புகையிலை, பாக்கு, குட்கா அடக்கும் இடத்திலேயே வலியில்லாமல் வெள்ளை படிந்திருந்தால் கவனம். டாக்டர்கள் இதை லூக்கோபிளேக்கியா என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறலாம். "நான் புகையிலை போடுறதில்ல, வெறும் வெத்தல பாக்குதான்" என்பவர்களும் கவனியுங்கள். பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003-ல் அறிவித்தது.

இன்னொரு சோதனை: மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாமல் வாய் இறுகியிருந்தால் உடனே காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும், வெள்ளை, சிவப்புப் படலத்தையும் காட்ட வேண்டும்.

30 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் வாயும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அந்த அக்காவுடன் ஊக்குநரே அரசு மருத்துவமனைக்குப் போனார். பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தார்கள். சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. இப்போது புகையிலையை விட்டுவிட்டார், சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்டுகிறார். "அன்னைக்கு வாயைத் தொறந்ததுதான் நல்லதாப் போச்சு" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

• நம் குழுவில் புகையிலை, பாக்கு போடுபவர்கள் எத்தனை பேர்? விட நினைப்பவருக்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?
• கட்டிக்கு நம் வீட்டில் என்ன தடவுகிறோம்? அது சரியா?
• பரிசோதனைக்கு எல்லோரும் சேர்ந்து எந்த நாளில் போகலாம்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.