நாரிநோவுக்குக் கடும் பயிற்சி



மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நாரிநோவை நாட்பட்ட நோ என்பார்கள். காலபோக வயலில் குனிந்து நிமிர்பவருக்கும், முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவருக்கும், நாள் முழுக்கத் தையல் மெசினில் இருப்பவருக்கும் அது வரும். பெரும்பாலும் அதற்கு இன்ன இடத்தில் இன்ன பழுது என்று சுட்டிக்காட்ட முடியாது. நோவே இல்லாதவர்களின் ஸ்கானிலும் தேய்ந்த இடைத்தட்டு தெரிவது சாதாரணம். ஆனால் "டிஸ்க் தேஞ்சு போச்சு" என்று கேட்டவர் அன்றே மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுகிறார். பெரிய கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. அசையாத நாரியின் தசை மெலியும். மெலிந்த தசை சின்னப் பாரத்துக்கே களைத்து நோகும். நோவுக்குப் பயந்து அசைவு இன்னும் குறையும்.

இந்தச் சுழலை உடைக்கக் கடும் பயிற்சி உதவுமா என்று பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் 38 பேரிடம் சோதித்து 2019 இல் வெளியிட்டார்கள். 12 கிழமைகள், கிழமைக்கு இருமுறை பயிற்சி. ஒரு பகுதியினருக்கு மிதமான பயிற்சி. மற்றவர்கள் ஒரு நிமிடம் முழுமூச்சாகவும் ஒரு நிமிடம் மெல்லவுமாக மாறி மாறிச் சைக்கிள் மிதித்தார்கள். ஒரே தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 80 சதவீதத்தைத் தூக்கினார்கள். இரு பகுதியினருக்கும் நோ குறைந்தது. அன்றாட வேலைத் திறனிலும் மூச்சுத் தாங்குதிறனிலும் கடும் பயிற்சியே முந்தியது. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் நாரியைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்ற பயத்துக்கு அது நல்ல மறுமொழி. உலக சுகாதார நிறுவனமும் 2023 இல் பயிற்சியைப் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டியை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

கிளிநொச்சிக் கிராமத்தில் இத்தகைய பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. உரப்பையில் 5 கிலோ மணல் போதும். பையை உடலோடு அணைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்துப் பத்துத் தடவை தூக்க வேண்டும். கடைசி இரண்டு தடவையும் கடினமாக, ஆனால் இயலக்கூடியதாக இருந்தால் பாரம் சரி. அது இலகுவானதும் மணலைக் கூட்டலாம். வேக மிதிப்புக்கு வாகனம் குறைந்த குளக்கட்டுப் பாதை நல்லது. ஏ9 வீதி கூடாது. அடுத்த நாள் தசை உளைவது இயல்பு. உளைவு இரண்டு நாள் தாண்டினால் பாரத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

போரில் பட்ட செல் துண்டு முள்ளந்தண்டருகே இருப்பவர்கள் வைத்தியரையும் இயன்மருத்துவரையும் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கக்கூடாது. எம்ஆர்ஐ எடுக்குமுன்னும் செல் துண்டு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நோவுடன் கால் பலவீனம், காய்ச்சல், காரணமில்லாத மெலிவு கண்டால் முதலில் வைத்தியப் பரிசோதனை. சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.