கவுன்சிலர் இல்லாத ஊரில் கணக்குக் கேட்பது எப்படி?

கேள்வி: நெய்வேலி நகரியத்தில் எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை அள்ளுதல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று யார் கண்காணிப்பது?
– வாசகர், நெய்வேலி

பதில்: நகரியத்தை நடத்துவது என்.எல்.சி. எனும் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகர நிர்வாகம். ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. பக்கத்து வடக்குத்து ஊராட்சிக்காரர்களுக்காவது கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு 6 முறை எழுந்து நின்று கேட்கலாம்.

ஆனால் என்.எல்.சி. மத்தியப் பொதுத்துறை நிறுவனம். ஆகவே 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய், காரணம் சொல்ல வேண்டாம், 30 நாளில் பதில். "விளக்கு ஏன் எரியவில்லை?" என்று கேட்காதீர்கள், சட்டம் தருவது விளக்கம் அல்ல, ஆவணம். உங்கள் வட்டத்தில் ஆறு மாதமாகப் பதிவான புகார்கள், வந்த தேதி, சரிசெய்த தேதி, ஒப்பந்த நிபந்தனைகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நாட்கள்தான் நிர்வாகத்தின் மதிப்பெண் பட்டியல். பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட இச்சட்டத்தில் உரிமை உண்டு. பலர் பயன்படுத்துவதே இல்லை.

பதில் வராவிட்டால், முதல் மேல்முறையீடு நிறுவனத்திலேயே. அடுத்ததைச் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போகவேண்டும்.